கடைசியாக நன்றாக இருந்த நேரம்

"நைட்டு சாப்ட்டு நல்லாத்தான் சார் படுத்தாரு. காத்தால எழுப்பறேன், வாய் கோணிக்கினு கீது, வலது கை தூக்க முடியல."

ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கத்திலிருந்து மூளை ரத்தக்கசிவோடு வருகிறவர்களின் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். ரத்தக்கசிவை ஆராய்கிறவருக்கு இதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு எண். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? இரவு பத்துக்கா, விடியற்காலை மூன்றுக்கா? இந்த ஐந்து மணி நேர இடைவெளியில்தான் ஸ்கேன் படத்தின் பொருள், மருந்து வேலை செய்ததா இல்லையா என்ற கணக்கு, அந்த நோயாளியை ஒரு ஆய்வில் சேர்க்கலாமா கூடாதா என்ற முடிவு எல்லாமே அடங்கியிருக்கிறது. இந்தத் துறையில் விலை உயர்ந்த கருவிகள் நிறைய உண்டு. ஆனால் இருப்பதிலேயே பலவீனமான அளவீடு இந்த மணிதான். பேனாவும் பொறுமையும் இருந்தால் சரிசெய்துவிடக்கூடியதும் இதுதான்.

காரணம் ரத்தக்குழாயின் அமைப்பிலேயே இருக்கிறது. மூளையின் நடுத் தமனி தடித்த குழாய். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சின்னச் சின்னக் கிளைகள் செங்குத்தாகக் கிளம்பி மூளையின் ஆழத்துக்குள் போகின்றன. பெரிய குழாயின் அழுத்தம் படிப்படியாகக் குறையாமல் நேரே இந்த நூல் குழாய்களில் இறங்குகிறது. பல வருடம் பிபி கட்டுக்குள் இல்லாவிட்டால் இவற்றின் சுவர் கெட்டு, நார்த்தன்மை ஏறி, ஓரிடத்தில் கிழியும். இந்தக் குழாய்களில் சின்னச் சின்ன வீக்கங்கள் இருப்பதை 1868-லேயே பாரிஸில் ஷார்கோவும் புஷாரும் விவரித்துவிட்டார்கள். பிபியால் வரும் கசிவுக்குப் பழக்கமான இடங்கள் மூளையின் ஆழத்தில் இருக்கும் புட்டமன், தலாமஸ், மூளைத்தண்டில் இருக்கும் பான்ஸ், பிறகு சிறுமூளை. வயதானவர்களுக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டி வரும் கசிவுக்குப் பல நேரம் காரணம் வேறு. குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

குழாய் கிழிந்ததும் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கசிந்து தேங்கிய ரத்தக் கட்டி வளர்கிறது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1997-ல் வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்திலேயே அவர்களில் 26 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகியிருந்தது. இருபதாவது மணி நேரத்துக்குள் இன்னும் 12 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஆக, வளர்ச்சியின் பெரும்பகுதி ஆரம்ப மணிகளிலேயே நடந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் கழித்து வருகிறவரின் கட்டி பெரும்பாலும் வளர்ந்து முடித்திருக்கும். அவருக்கு நீங்கள் எந்த மருந்து கொடுத்தாலும் அடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில்தான் தெரியும். படிவத்தில் அவருடைய நேரம் "இரண்டு மணி நேரம் முன்பு" என்று தவறாக ஏறியிருந்தால், வேலையே செய்யாத மருந்துக்கு வெற்றி வரவாகிவிடும். ஆய்வு நல்ல நோக்கத்தோடு, நல்ல கருவிகளோடு நடந்திருக்கும். பிழை மட்டும் வாசலிலேயே நுழைந்திருக்கும்.

அந்த நேரத்தைக் கேட்டு வாங்குவது ஒரு கைத்திறன். "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று கேட்டால் எல்லாரும் முழு மணியைத்தான் சொல்வார்கள். ஐந்து, ஆறு, பத்து. படிவங்களைக் குவித்து வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். யாருக்கும் சரியாக ஐந்து மணிக்கு ரத்தக்குழாய் வெடிப்பதில்லை. அதனால் மணியை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்க வேண்டும்.

"அக்கா, அண்ணன் கடைசியா உங்ககிட்ட பேசுனது என்ன பேச்சு?"

"தண்ணி மோட்டர் போடச் சொன்னாரு."

"சரி. பேச்சு குழறாம இருந்துச்சா? அவரே எழுந்து நடந்தாரா?"

"ஆமா, அவரே போயி கதவு தாழ்ப்பா போட்டுட்டு வந்தாரு."

"அப்ப டிவில என்ன ஓடுச்சு?"

இப்படிப் போனால் பத்து மணி என்பது ஒன்பது இருபது ஆகும், அல்லது பதினொன்றே கால் ஆகும். சீரியல் முடிந்ததா, பால் பாக்கெட் வந்ததா, லாரித் தண்ணீர் பிடித்தாரா, பள்ளிவாசல் பாங்கு கேட்டதா, வேளாங்கண்ணி மாதா கோயில் மணி அடித்ததா, மகன் நைட் ஷிஃப்ட் முடிந்து மணலியிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது யார் திறந்தது, இவையெல்லாம் கடிகாரங்கள். இவை எல்லாவற்றையும்விட நல்ல கடிகாரம் நோயாளியின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் போனில் கடைசியாக அவரே அழைத்துப் பேசிய நேரம், கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அது பொன். நேரமும் கிடைக்கும், அப்போது பேச்சு தெளிவாக இருந்ததா என்பதும் காதாலேயே கேட்கும். அவருக்கு வந்து எடுக்கப்படாமல் போன அழைப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தூங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம், விழுந்து கிடந்தும் இருந்திருக்கலாம். வீட்டாரின் அனுமதியோடு அந்தத் திரையைப் பார்த்து எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

படிவத்தில் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். ஒன்று, கடைசியாக நன்றாக இருந்த நேரம். மற்றது, கண்டுபிடித்த நேரம். ஒரே கட்டம் வைத்தால் அவசரத்தில் கண்டுபிடித்த நேரம்தான் அதில் போய் உட்காரும். அதைவிட மோசம், அனுமதிச் சீட்டில் அச்சான நேரத்தைப் பார்த்து எழுதிவிடுவது. "நன்றாக" என்பதையும் விட்டுவிடக் கூடாது. சாயங்காலத்திலிருந்தே தலைவலி, ஒரு வாந்தி, கொஞ்சம் தள்ளாட்டம் என்று இருந்தால், வீட்டார் அதைப் பித்தம் என்று ஒதுக்கிவிட்டு "நல்லாத்தான் இருந்தாரு" என்பார்கள். தலைவலியையும் வாந்தியையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இன்னொரு சிக்கல். டிரெய்லர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் பைக்கோடு ஒருவர் விழுந்து கிடக்கிறார். தலையில் ரத்தக்கசிவு. விழுந்ததால் கசிந்ததா, கசிந்ததால் விழுந்தாரா? படம் ஓரளவு பதில் சொல்லும். அடிபட்ட மூளையில் கசிவு பெரும்பாலும் முன்மடல், பக்கமடல் இவற்றின் அடிப்பக்கத்தில், மண்டையோட்டின் கரடுமுரடான தரையில் மோதிய இடத்தில் இருக்கும். எலும்புக்கும் மேலுறைக்கும் நடுவே இருந்தால் லென்ஸ் வடிவம், உறைக்கு உள்ளே பரவினால் பிறை வடிவம். தலைத்தோலில் வீக்கமே இல்லாமல், ஆழத்தில் புட்டமனில் மட்டும் ஒரு கட்டி என்றால், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே பட்டியலில் போட்டால் ஆய்வு குழம்பிவிடும், ஏனென்றால் மருத்துவமே மாறுகிறது. விபத்துத் தலைக்காயத்துக்கு, ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களுக்குப் பலன் இருப்பதை 2019-ல் வந்த கிராஷ்-3 ஆய்வு காட்டியது. முதலில் 1 கிராம் பத்து நிமிடத்தில், பிறகு 1 கிராம் எட்டு மணி நேரத்தில். தானாக வரும் மூளைக்கசிவில் அதே மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்த்த டிச்-2 ஆய்வில், 2018-ல், மூன்று மாதம் கழித்து நோயாளிகளின் செயல்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்து ஒன்றுதான். கசிவின் வகையும் கடிகாரமும் வேறு.

வீட்டில் நடக்கும் சில காரியங்களும் படிவத்தில் ஏற வேண்டும். வாய் கோணியதும் சோடா, காபி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது பரவலான பழக்கம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். மூன்றாம் நாள் வரும் நிமோனியாவின் மூலம் அந்த ஒரு டம்ளராக இருக்கலாம். புறா ரத்தம் தடவ அழைத்துப் போவதில் தோலுக்கு ஒன்றும் ஆகாது, நேரம்தான் போகும். பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது இன்னும் ஆபத்து. சீனாவில் ஆம்புலன்ஸிலேயே, ஸ்கேனுக்கு முன்பாகவே, பிபியைக் குறைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது, ரத்த அடைப்பு உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்தது. இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வீட்டில் செய்ய வேண்டியது.

ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அதன் கொள்ளளவைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கட்டி மிகப் பெரிதாகத் தெரியும் படத்தில் நீளத்தை அளக்க வேண்டும். அதே படத்தில் அதற்குச் செங்குத்தாக அகலம். பிறகு கட்டி எத்தனை வெட்டுப்படங்களில் தெரிகிறது என்று எண்ணி, வெட்டின் தடிமனால் பெருக்கினால் உயரம். மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டர். நீளம் 5 செ.மீ., அகலம் 3.5 செ.மீ., 5 மி.மீ. தடிமனில் 8 வெட்டுகள் என்றால் உயரம் 4 செ.மீ. ஆக 35 மில்லி. இருமல் மருந்தின் 10 மில்லி மூடியில் மூன்றரை மூடி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 30 மில்லி என்பதே முன்கணிப்பு மதிப்பெண்ணில் ஒரு படி ஏறும் எல்லை.

இந்த எளிய கணக்கு எங்கே தவறும்? கட்டியின் ஓரத்தைத் தொட்டுச் செல்லும் வெட்டுகளை முழுதாக எண்ணும்போது. மிகப் பெரிய வெட்டின் பரப்போடு ஒப்பிட்டு, முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் ஒன்று, கால் முதல் முக்கால் வரை அரை, காலுக்குக் கீழே பூஜ்யம் என்று எண்ண வேண்டும். முதல் ஸ்கேன் வேறு இடத்தில் 10 மி.மீ. தடிமனில் எடுக்கப்பட்டு, இரண்டாவது 5 மி.மீ.-ல் எடுக்கப்பட்டிருந்தால், தடிமனைப் பார்க்காமல் எண்ணியவருக்குக் கட்டி இரண்டு மடங்கு வளர்ந்ததாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் பிலிமைப் போனில் படமெடுத்து அளப்பதும் உண்டு. ஓரத்தில் இருக்கும் அளவுகோல் கோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தால் அந்தப் படம் ஆய்வுக்கு உதவாது. கிளை விட்டுப் பரவிய கட்டிகளுக்கு இந்தச் சூத்திரம் பொதுவாகவே கூடுதலாகக் காட்டும். மூளையின் அறைகளுக்குள் இறங்கிய ரத்தத்தை இதில் சேர்க்கக் கூடாது, தனியாகக் குறிக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்தால் பலன் உண்டு என்பதற்கு இன்று கையில் இருக்கும் நல்ல ஆதாரம் 2023-ல் வந்த இன்டராக்ட்-3. இந்தியாவும் இலங்கையும் உட்பட பத்து நாடுகளில் 7,036 நோயாளிகள். பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகளின் மருத்துவமனைகள். புது மருந்து எதுவும் கிடையாது. மேல் பிபி 140-க்குக் கீழே, 130-க்குக் கீழே போய்விடாமல். சர்க்கரை, நீரிழிவு இல்லாதவருக்கு 110 முதல் 140, உள்ளவருக்கு 140 முதல் 180. காய்ச்சல் 37.5 டிகிரியைத் தாண்டாமல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 1.5-க்குக் கீழே. நான்கையும் கூடிய சீக்கிரம், ஒரு மணி நேர இலக்கோடு, ஒன்றாகச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களின் நிலை மேம்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்க்கும் ஒரு அரசு மருத்துவமனையில் இதைவிட மதிப்புள்ள செய்தி வேறில்லை என்பது என் கருத்து. தெர்மாமீட்டரும் குளுக்கோமீட்டரும் எல்லா வார்டிலும் இருக்கின்றன.

இங்கேயும் சறுக்கும் இடங்கள் சின்னவை. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிபி கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தை ஏற்றினால் உண்மையான அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். ஊதும் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். இதய வால்வு கோளாறுக்கு அசிட்ரோம் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரின் வீட்டார் "ஹார்ட் மாத்திரை" என்று மட்டும் சொல்வார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் பார்க்க வேண்டும். அட்டையைப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. "பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுவாரா?" என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஆமாம்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த தேதியையும் அட்டையில் மிச்சமிருக்கும் எண்ணிக்கையையும் வைத்துக் கழித்தால் எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும். தினம் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் இருக்கும் சாப்பாட்டில் அந்த விட்டுப்போன நாட்கள் சாதாரணமானவை அல்ல.

கட்டி வளரும் முதல் கடிகாரம் நின்ற பிறகு இரண்டாவது ஓடத் தொடங்குகிறது. வீட்டார் சொல்வார்கள்: "ரெண்டு நாள் கண்ணு தொறந்து பாத்தாரு டாக்டரம்மா, அப்புறந்தான் மோசமாயிட்டாரு." அந்த அவதானிப்பு சரியானதே. கட்டி வளர்வது நின்ற பிறகும், அதைச் சுற்றியுள்ள மூளை வீங்கிக்கொண்டே போகிறது. முதல் மணிகளில் உறைதலின்போது உருவாகும் திராம்பின் என்ற நொதி சுற்றுப்புறத்தைத் தாக்குகிறது. ஒரு நாள் போல் கழிந்து சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஹீமோகுளோபின் சிதைந்து ஹீம், ஹீமிலிருந்து இரும்பு. தளர்வாக அலையும் இரும்பு செல் சவ்வின் கொழுப்பை ஆக்சிஜனேற்றிக் கொல்கிறது. இந்த வகைச் செல்மரணத்துக்கு ஃபெரோப்டோசிஸ் என்று 2012-ல் பெயர் வைத்தார்கள். ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாடின்-5 போன்ற புரதங்கள் அறுந்து, குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் விலகி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச்சுவர் ஒழுகுகிறது.

இதை ஆய்வகத்தில் எலியில் பார்க்கிறார்கள். மயக்க நிலையில் தலையைச் சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் பிரெக்மா புள்ளியிலிருந்து 0.2 மி.மீ. முன்னே, 3.5 மி.மீ. பக்கவாட்டில், 5.5 மி.மீ. ஆழத்தில் ஊசி இறங்கும். அதே எலியின் ரத்தம் 100 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 10 வீதம். முடிந்ததும் ஊசியை உடனே உருவினால் ரத்தம் வந்த வழியே மேலேறிவிடும். சில நிமிடம் அப்படியே விட்டு, மெல்ல எடுக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாகச் செலுத்தினால் ரத்தம் மூளை அறைக்குள் உடைத்துக்கொண்டு போகும், அந்த எலி கணக்கிலிருந்து விலகும். ஏ.சி. அறையில் சூட்டுப்பலகை வேலை செய்யாமல் உடல் வெப்பம் 37-லிருந்து இறங்கினால், குளிர்ச்சியே மூளையைக் காப்பாற்றி மருந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். வீக்கத்தை அளக்கும் முறை சமையலறை எளிமை. மூளைத் துண்டை எடைபோட்டு, 100 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை. இயல்பான எலி மூளையில் நீர் 78 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரண்டு சதவீதம் கூடினாலே அது கடும் வீக்கம். அதனால் எடுத்த துண்டை மூடாமல் மேஜையில் சில நிமிடம் வைத்தாலே ஆவியான நீர் முடிவைத் திருப்பிவிடும்.

எலியில் இரும்பைப் பிடித்துக் கட்டும் டெஃபெராக்ஸமின் மருந்து வீக்கத்தைக் குறைத்தது. மனிதர்களில், கசிவு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, கிலோவுக்கு 32 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மூன்றாம் மாதத்தில் எதிர்பார்த்த பலன் இல்லை. எலி இளமையானது, பிபி இல்லாதது, சிறுநீரகம் சுத்தமானது, அதன் மூளையில் வெண்பொருள் குறைவு. அதைவிட முக்கியமாக, அதற்குக் கசிவு தொடங்கிய நிமிடம் ஆராய்கிறவருக்குத் தெரியும், ஏனென்றால் தொடங்கி வைத்தவரே அவர்தான். பிறவியிலேயே பிபி ஏறும் எலி இனத்தை 1963-ல் கியோட்டோவில் உருவாக்கியது ஒரு பாதியைச் சரிசெய்தது. மறுபாதியை எந்த எலி இனமும் சரிசெய்யாது. அது அவசரப் பிரிவு வாசலில் பேனா பிடித்து நிற்பவரின் வேலை.

ரத்த மாதிரிக்கும் இதே விதி. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்கள் உடைந்ததும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. கசிவில் சீக்கிரமாகவும் அதிகமாகவும், அடைப்பில் தாமதமாகவும் ஏறுவதால், ஸ்கேன் இல்லாத இடத்தில் இரண்டையும் பிரிக்க இது உதவலாம் என்று நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை மணியைப் பொறுத்தது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த நேரம், சுழற்றிப் பிரித்த நேரம், மைனஸ் 80-ல் வைத்த நேரம், மூன்றும் குழாயின் மேலேயே ஏற வேண்டும். மெல்லிய ஊசியில் இழுத்துச் சிவப்பணு உடைந்து, மேலே நிற்கும் திரவம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இரும்பு அளவுக்கு அந்த மாதிரி பயன்படாது. சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வைத்தால் ஒரே குழாயை மறுபடி மறுபடி உருக்கி உறையவைக்க வேண்டியிருக்காது. மே மாத வெயிலில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்க அரை மணி ஆனால், கதவைத் திறக்காமல் இருந்தால் உறைபெட்டி தாங்கும். யாராவது "எல்லாம் சரியா இருக்கா" என்று திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும்.

தொண்ணூறாவது நாள் தொலைபேசி. பூஜ்யத்திலிருந்து ஆறு வரை போகும் அளவுகோலில் நோயாளியின் நிலை ஓர் எண்ணாக வேண்டும். "எப்படி இருக்காரு?" என்றால் "பரவால்ல சார்" என்று முடிந்துவிடும். "அம்மா, அவரா எழுந்து பாத்ரூம் போறாரா? கடைக்குப் போயி மிச்சக் காசு எண்ணி வாங்கறாரா? நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டா தனியா சமாளிப்பாரா?" என்று கேட்டால் எண் வரும். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் இரண்டு அல்லது அதற்குக் கீழே, முடியாது ஆனால் தானாக நடக்கிறார் என்றால் மூன்று. எண் மாறிப்போன போன், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து வேறெங்கோ வீடு மாறிய குடும்பம், சொந்த ஊருக்கு ரயிலேறிவிட்ட மணலி ஒப்பந்தத் தொழிலாளி, இவர்களைத் தேடாமல் விட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லாம் தேறியவர்களாகவே தெரிவார்கள். சேர்க்கும் நாளிலேயே மூன்று எண்கள் வாங்க வேண்டும். அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது.

அந்த அழைப்பிலேயே முதல் நாள் கேட்டதை இன்னொரு முறை கேட்பது நல்லது. பதற்றம் தணிந்திருக்கும். "இல்ல தம்பி, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தண்ணி குடிச்சாரு, எம் பொண்ணு பாத்துருக்கா" என்று வரும். பழைய எண்ணை அடித்து அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. அதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது நேரம், யார் சொன்னது, என்று சொன்னது, கேட்டவரின் கையெழுத்து.